இரண்டாவது கட்டத்தில் ஓடியவர்

வணக்கம் நேயர்களே. எனக்குப் பின்னால் தெரிவது சிங்கப்பூரின் தேக்கா சந்தை. சற்று முன்பு இங்கே கடைக்கார அண்ணன் ஒருவர் எட்டு மூட்டை அரிசி ஏற்றிய தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கைகொடுக்கப் போனேன். மூட்டைக்கு 25 கிலோ என்றால் மொத்தம் 200 கிலோ. முதல் அடியிலேயே ஈரத் தரையில் என் செருப்பு வழுக்கியது. வண்டி அசையவே இல்லை. அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அப்போது நினைவுக்கு வந்தது பாப்ஸ்லே, அதாவது பனிக்கட்டித் தடத்தில் சறுக்கி இறங்கும் பந்தய வண்டி. நால்வர் செல்லும் பாப்ஸ்லே வண்டி, ஆளில்லாமலேயே 210 கிலோவுக்குக் குறையாது. அடிப்பகுதி முழுவதும் நுண்ணிய ஊசிமுட்கள் பதித்த காலணியை அணிந்துகொண்டு, அந்த வண்டியைப் பனிக்கட்டியின் மேல் ஏறக்குறைய 50 மீட்டர் தூரம் பாய்ந்து தள்ளி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே தாவித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் சிந்திய நேரம் கீழே போய்ச் சேர்வதற்குள் இன்னும் பெருகிவிடும் என்பதால்தான், பாப்ஸ்லே அணிகள் குறுந்தூர ஓட்டக்காரர்களைத் தேடிப் போகின்றன.

அப்படிப் போனவர்களில் ஒருவர் கிளென்ராய் கில்பர்ட். டிரினிடாட்டில் 1968ஆம் ஆண்டு பிறந்து கனடாவில் குடியேறியவர். நம் சிங்கப்பூர் ஓட்டக்காரர் குணாளன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியதும் அதே ஆண்டில்தான், 2001ல் யு.கே. ஷியாம் 10.37 ஓடும்வரை அந்தத் தேசியச் சாதனை அசையவில்லை என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

கில்பர்ட் 1988 சோல் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டினார். பிறகு ஓட்டத்துக்கு மாறினார். 1994 பிப்ரவரியில், நார்வேயின் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் பாப்ஸ்லே தள்ளினார். ஓட்டம் கைவிட்ட பிறகு பனிக்குப் போனவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், விக்டோரியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியின் தொடர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். அவருடைய உச்சம் அதற்கும் பிறகுதான் வந்தது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக், 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிச்சுற்று. கனடா அணியில் எஸ்மி, கில்பர்ட், சுரின், பெய்லி என்ற வரிசையில் தொடர் ஓட்டக் கோல் கைமாறியது. நால்வருமே கரீபியனில் பிறந்தவர்கள்: இருவர் ஜமைக்கா, ஒருவர் ஹெய்ட்டி, ஒருவர் டிரினிடாட். 37.69 விநாடியில் அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார்கள். அதுவரை ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் அமெரிக்க ஆண்கள் இந்த ஓட்டத்தில் தகுதிநீக்கத்தால் தங்கத்தை இழந்திருக்கிறார்களே ஒழிய, ஓடித் தோற்றதில்லை.

ஒளிப்படங்களில் எல்லாம் கடைசியில் ஓடிய பெய்லிதான் இருக்கிறார். இரண்டாவது ஆளோ முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்ப்பாதையில், கோலை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். பாப்ஸ்லேயிலும் வண்டிக்கு ஓட்டுநரின் பெயர்தான். தள்ளியவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு விளையாட்டிலும் கில்பர்ட்டுக்கு ஒரே வேலைதான் வாய்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 பாரிஸில் கனடா அதே ஓட்டத்தில் 37.50 விநாடியில் மீண்டும் தங்கம் வென்றபோது, கனடியத் தடகளத்தின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் கில்பர்ட். அன்று இரண்டாவது கட்டத்தில் ஓடிய ஜெரோம் பிளேக், ஜமைக்காவில் பிறந்தவர்.