முற்றம் இல்லாத நகரில் குட் சடங்கு

நேயர்களுக்கு வணக்கம். கொரியாவில் சாமியாடிகளை முடாங் என்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தெய்வங்களையும் மூதாதையரையும் தம் உடலில் வரவழைத்து, பாடி ஆடி அருள்வாக்குச் சொல்லும் அவர்களது சடங்குக்குக் குட் என்று பெயர்.

முன்பெல்லாம் இது வீட்டிலேயே நடந்தது. கூரை விட்டத்தில் சொங்ஜு என்னும் வீட்டுத் தெய்வம், கொல்லையில் மனைத் தெய்வத்துக்கு ஒரு ஜாடி, அடுக்களையில் மற்றொரு தெய்வம் என வீடு முழுவதும் தெய்வங்கள் குடியிருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தமர்ந்து, இறந்தவர் முடாங்கின் வாய்வழியே பேசும்போது சேர்ந்து அழுவார்கள்; இடையில் முடாங்கின் உடையை வாங்கி அணிந்து தாங்களும் ஆடுவார்கள்.

தலைநகர் சியோலின் அடுக்குமாடிக் குடியிருப்பில் விட்டமும் இல்லை, கொல்லையும் இல்லை. ஆனாலும் பெரிய இடைஞ்சல் ஒலிதான். நான் எங்கே பேசினாலும் ஒலியிலேயே வந்து நிற்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு, இருந்தாலும் சொல்கிறேன். ஜாங்கு என்பது நம் உடுக்கையைப் போல் இடை சிறுத்த, ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய மேளம். அதனுடன் வெண்கலச் சேகண்டியும் கைத்தாளமும் சேர்ந்து மணிக்கணக்கில் முழங்கினால், சுவருக்கு அப்பால் உறங்குபவர் காவல்துறையைத்தான் அழைப்பார்.

ஆகவே குட், மலையடிவாரத்து வாடகைக் கூடங்களுக்குப் போய்விட்டது. காலையில் காரில் வந்து, மாலைக்குள் முடித்துத் திரும்புகிறார்கள். ஓர் அறையில் இறந்த தந்தைக்கு, அடுத்த அறையில் நொடித்த வியாபாரத்துக்கு என்று ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்றின் மேளம் மற்றதில் கேட்கும். சுருட்டிய ஐந்து வண்ணக் கொடிகளை முடாங் நீட்ட, வந்தவர் ஒன்றை உருவுவார். சிவப்பு வந்தால் நல்லது. ஆகாத நிறம் வந்தால் மறுபடியும் உருவச் சொல்வார்கள்.

இடம்பெயர்வது இச்சடங்குக்குப் புதிதன்று. குக்சாடாங் என்னும் புகழ்பெற்ற கோயிலை 1925இல் ஜப்பானிய ஆட்சியினர் நாம்சான் மலையிலிருந்து அகற்றியதால், அது இன்வாங் மலைக்குப் போனது. 1970களில் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் கிராமக் கோயில்கள் இடிக்கப்பட்டன. 1985இலோ, கிம் கும்-ஹ்வா என்னும் முடாங்கை அரசே பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. எனவே குட் நலிந்துவிட்டது என்போரோடு நான் உடன்படுவதில்லை. ஆனால் வாடகை அறையில் குடும்பத்தார் மட்டுமே இருக்கிறார்கள். உடன் அழவும் ஆடவும் அக்கம்பக்கத்தார் இல்லை. இழப்பு என்றால் அதுதான் இழப்பு.

கோசா என்னும் சிறிய படையல் நகரில் இன்னும் எளிதாகப் பொருந்திக்கொண்டது. புது அலுவலகம், படப்பிடிப்பின் முதல் நாள், புது வண்டி என்றால் வேகவைத்த பன்றித் தலையை வைத்து, அதன் வாயில் பணத்தாள்களைச் செருகிக் கும்பிடுகிறார்கள். பன்றித் தலைக்குப் பதிலாகப் பன்றி உண்டியலை வைப்பவர்களும் உண்டு.

யூடியூபில் குறி சொல்லும் முடாங்குகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். குறி கேட்பதைக் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்பவர்கள் உண்டு. மேளம் முழங்கக் குட் நடத்த வேண்டுமானால் இன்றும் அந்த மலையடிவாரத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. வணக்கம்.