வெனிலினுக்கு ஏன் இரண்டு பதிவு?

நேயர்களுக்கு வணக்கம்.

உணவுச் சுவையூட்டிகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று பழைய வணிக மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாறாமலும் இருக்க முடியாது. எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் ஈ.சி.சி. என்ற பழைய வணிக மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு, அதன் கடைசிப் பதிப்புகளுக்கே வழக்கமான பராமரிப்பு 2027 முடியும்வரைதான். முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர், "டேட்டாவை முதலில் சுத்தம் பண்ணிவிடுவோம்" என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குப் பயம் பிடிப்பதும் அங்கேதான்.

மூலப்பொருள் பட்டியலைத் திறந்தால், வெனிலா மணம் தரும் வெனிலின் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். ஒரே மூலக்கூறு. வேதிப்பொருள்களுக்கு அடையாளமாகத் தரப்படும் சி.ஏ.எஸ். எண்ணும் ஒன்றே, 121-33-5. கணினிப் பிரிவினர் கண்ணுக்கு அது இரட்டைப் பதிவு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்வார்கள். ஆனால் ஒன்று இயற்கை மூலத்திலிருந்து எடுத்தது, மற்றது செயற்கையாகத் தயாரித்தது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் இணைத்துவிட்டால், 'இயற்கை' என்று லேபிள் ஒட்டிப் போகும் சரக்கில் எது உள்ளே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

2018 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புலிகோன், மிர்சீன், பென்சோபீனோன் முதலான சில செயற்கைச் சுவைப்பொருள்களுக்குத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. செயற்கையானவற்றுக்கு மட்டும். அதே புலிகோன் புதினா எண்ணெயோடு இயல்பாக வந்தால் அந்த ஆணை தொடாது. செயற்கைப் புலிகோன் எந்தெந்த ஃபார்முலாவில் இருக்கிறது என்று அன்று தேடியவர்களுக்கு, மூலம் பிரித்துப் பதிந்த பட்டியல்தான் கைகொடுத்திருக்கும்.

அடுத்தது தசமப் புள்ளி. காபி மணத்துக்கு உயிர்நாடியான ஃபர்ஃபுரைல் மெர்காப்டன் என்ற வேதிப்பொருள் மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் தொடும். 100 கிலோ பேட்சில் அரை கிராம் என்றால் 0.0005 சதவீதம். புதிய மென்பொருள் மூன்று தசம இடங்களோடு நிறுத்திக்கொண்டால் அது 0.001 ஆகிவிடும். அளவு இரட்டிப்பு! 0.0004 என்று இருந்தாலோ பூஜ்யம். திரை பிழை எதுவும் காட்டாது. முகர்ந்து பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய எடையைத் தராசில் நிறுப்பது கடினம் என்பதால்தான் புரொப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பான் திரவத்தில் ஒரு சதவீதக் கரைசலாக்கி வைத்து, அரை கிராமுக்குப் பதில் 50 கிராம் ஊற்றுகிறார்கள். அந்தக் கரைசலுக்குத் தனி எண், தனி ஃபார்முலா. அதை யாரும் வெளியே வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கொள்முதலும் விற்பனையும் இல்லாத பொருளைச் சுத்தம் செய்பவர் என்ன செய்வார்? 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்துத் தள்ளிவிடுவார். அதை நம்பியிருந்த ஃபார்முலாக்கள் அத்தனையும் நடுவில் ஓட்டையோடு புது வீட்டுக்குக் குடியேறும். எனவே நீக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடும் உரிமையை, எடை போடும் மேசையில் நிற்பவருக்கும் ஃபார்முலா எழுதுபவருக்கும் கொடுங்கள். கணக்குப் பிரிவு கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை.

2005-இல் பிரிட்டனில் மிளகாய்த் தூளில், உணவில் சேர்க்கக் கூடாத சூடான் 1 என்ற சாயம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தூள் ஒரு வொர்ஸ்டர் சாஸுக்குள் போய், சாஸ் வேறு உணவுகளுக்குள் போய், கடைசியில் 400-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சுவையூட்டியும் இப்படித்தான் பயணம் செய்யும். ஆகவே மாறும் முன் ஒரு பழைய லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் வந்த சரக்குக்கு இட்ட எண்ணைக் கொடுத்து, அது எங்கெல்லாம் போயிற்று என்று இரண்டு மென்பொருளிலும் கேளுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகும்வரை தேதி குறிக்காதீர்கள்.

தேதி என்றதும் ஹெர்ஷி நினைவுக்கு வருகிறது. 1999 ஜூலையில், அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகை விற்பனைக்குச் சரக்கு கிளம்பும் நேரத்தில், அந்தச் சாக்லேட் நிறுவனம் புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

இன்னொன்று. பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் திறந்து வையுங்கள். உங்கள் சுவையூட்டியின் ஆயுள் முடிந்தால் போதாது. அதை வாங்கியவர் செய்த பிஸ்கட்டின் ஆயுளும் முடிய வேண்டும்.

நன்றி, வணக்கம்.