பகல் முழுக்கத் தனியாக ஒரு நாய்க்குட்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக நாய்க்குட்டி கொண்டுவந்தவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்பார்கள். என்ன உணவு கொடுப்பது என்று கேட்பார்கள். இன்னொரு கேள்வி, குட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போன பிறகுதான் வரும். "டாக்டர், நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. காலையில போனா சாயங்காலம்தான் வருவோம். அதுவரைக்கும் குட்டி தனியா இருந்துக்கும்ல?" கேட்கும்போதே குரலில் ஒரு தயக்கம் இருக்கும். விடை அவர்களுக்கே பாதி தெரியும் என்று நினைக்கிறேன். இன்று அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதக் குட்டியால் எட்டு, ஒன்பது மணி நேரம் தனியாக இருக்க முடியாது. எவ்வளவு பழக்கினாலும் முடியாது, அதன் உடம்பு இடம் கொடுக்காது. சிறுநீர்ப்பை சிறியது, அதை இறுக்கிப் பிடிக்கும் தசை இன்னும் பக்குவப்படவில்லை. குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டினால் அது எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தெரியும் என்பார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதக் குட்டிக்கு நான்கு. இதுவும் உச்ச அளவுதான். விழித்திருந்து ஓடியாடும் குட்டி அவ்வளவு நேரம் தாங்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதற்கு உடனே போக வேண்டும். "ராத்திரியில அடக்கிக்கிட்டுத் தூங்குதே, பகல்ல மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பது குறைகிறது, குட்டியும் அசையாமல் கிடக்கிறது. இரவுக் கணக்கைப் பகலுக்குப் போடக் கூடாது.

அடக்க முடியாவிட்டால் என்ன, வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். துடைப்பது பெரிய வேலையில்லை. ஆனால் அங்கே கெட்டுப்போவது வேறொன்று. பிறந்த முதல் சில வாரங்களுக்குத் தாய் நக்கிக் கொடுத்தால்தான் குட்டிக்குச் சிறுநீர் கழியும், தாயே சுத்தமும் செய்துவிடும். மூன்று வார வாக்கில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கும். தொடங்கிய உடனே அது செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய்ச் சிறுநீர் கழிப்பது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருகிற பழக்கம் இது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் இருக்க நாம் கற்றுக்கொடுப்பதெல்லாம் இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட குட்டியை ஒரு சின்னக் கூண்டில் வைத்துப் பூட்டிவிட்டு நாள் முழுக்கப் போனால் அது என்ன செய்யும்? முனகும், கம்பியைப் பிறாண்டும், கடைசியில் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். பிறகு அதிலேயே படுக்கும். தினமும் இப்படி நடந்தால் ஈரத்தில் கிடப்பது அதற்கு உறைக்காமல் போய்விடும். அந்த அருவருப்பை இழந்துவிட்ட குட்டியைத் திரும்பப் பழக்குவது எனக்குத் தெரிந்து மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

ஸ்வீடன் நாட்டு விலங்கு நல விதிகளில், பகல் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வளர்ந்த நாய்க்கே அந்தக் கணக்கு. குட்டிக்கு அதைவிட அடிக்கடி விட வேண்டும்.

உணவையும் நினைவில் வையுங்கள். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மிகச் சிறிய இனக் குட்டிகள் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உடல் தளர்ந்து, நடுக்கம் கண்டு விழுந்துவிடக்கூடும்.

இனி மனசுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

எட்டு வாரத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிற குட்டி, முந்தின இரவு வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்துத் தூங்கியது. தனிமை என்பதை அது ஒரு நாளும் அறிந்ததில்லை. ஆளில்லாத வீட்டில் விட்டதும் அது கத்துவது அடம் அல்ல. கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட குட்டி, "நான் இங்கே இருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்" என்று தாயைக் கூப்பிடும் குரல் அது. "ரெண்டு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்" என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சில குட்டிகள் அடங்கத்தான் செய்கின்றன. கத்திக் களைத்துப்போய் அடங்குவதும் நிம்மதியாகத் தூங்குவதும் ஒன்றல்ல. வேறு சில குட்டிகளுக்கு அந்தப் பயம் உள்ளே தங்கி, பெரிய நாயானதும் ஆள் வெளியே கிளம்பினாலே நடுங்குவதும் கதவைப் பிய்ப்பதுமாக வெளிப்படுகிறது.

உங்கள் குட்டி எந்த வகை என்று தெரிய ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய கைபேசியை ஒரு மூலையில் வைத்து வீடியோ ஓடவிட்டு வெளியே போய் வாருங்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். ஒரு சுற்று சுற்றிவிட்டு, கொஞ்சம் சிணுங்கிவிட்டு, பொம்மையைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனால் கவலை இல்லை. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். ஆனால் கதவை விட்டு நகராமல் நின்று இரைப்பது, வாயிலிருந்து எச்சில் ஒழுகி மார்பு நனைந்திருப்பது, நீங்கள் வைத்துவிட்டுப் போன பிடித்தமான தின்பண்டத்தைத் தொடாமலே விட்டிருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தக் குட்டி பயந்திருக்கிறது என்று பொருள். குட்டிக்குத் தின்பண்டத்தைவிட ஆசையானது எது இருக்கிறது? அதையே திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பயம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

குட்டியின் வாழ்க்கையில் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை ஒரு காலம் இருக்கிறது. அப்போது பழகும் மனிதர்களையும் ஓசைகளையும் அது தன் உலகமாக ஏற்றுக்கொள்கிறது. ஃபிரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1961-ல் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட ஒரு திறந்த வெளியில் மனித வாடையே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் பிறகு மனிதரை நெருங்கவே இல்லை, காட்டு விலங்கு போல ஒதுங்கின. உங்கள் வீட்டுக் குட்டிக்கு அந்த அளவு நேராது, உண்மைதான். ஆனாலும் அது உங்களிடம் வருவது எட்டாவது வாரத்தில். மிச்சமிருப்பது ஆறே வாரம். அதில் விழித்திருக்கும் பகலையெல்லாம் நான்கு சுவருக்குள் கழித்துவிட்டால் அந்த வாரங்கள் திரும்ப வரமாட்டா. தடுப்பூசிகள் முடிய பதினாறு வாரம்கூட ஆகும், குட்டிகளுக்குக் கொடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் கண்ட தரையிலும் இறக்கிவிட முடியாது. கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாலே போதும். வண்டிச் சத்தம், குடை பிடித்துப் போகிறவர், ஓடும் குழந்தைகள், எல்லாவற்றையும் உங்கள் அணைப்பிலிருந்தே பார்க்கட்டும்.

அப்படியானால் தனியாக விடவே கூடாதா என்றால், விட வேண்டும். தனியாக இருப்பது நாய் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறமை. அதை வினாடிகளில் தொடங்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளிலேயே தொடங்குங்கள். குட்டி வெளியே போய்வந்து, வயிறு நிறைந்து, லேசாகக் கண் சொருகும் நேரம் பாருங்கள். சிறு தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அதை விட்டு, கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போங்கள். பத்து வினாடியில் திரும்பி வாருங்கள். சிணுங்கத் தொடங்கும் முன் வந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். வந்ததும் கொஞ்சாதீர்கள், சும்மா கடந்து போங்கள். பத்து வினாடி முப்பது ஆகட்டும், முப்பது இரண்டு நிமிடமாகட்டும். நடுவில் ஒரு முறை அது கத்திவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். சாவிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் நாய்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று முதலிலேயே பழக்கிவிட்டால் பின்னால் நிறைய மிச்சம்.

விட்டுச் செல்லும் இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குட்டி எழுந்து நாலு எட்டு நடக்க, ஓரத்தில் படுக்க, எதிர் ஓரத்தில் சிறுநீர் கழிக்க, தண்ணீர் குடிக்க இடம் இருந்தால் போதும். காற்று வர வேண்டும், நேர் வெயில் விழக் கூடாது. பூட்டிய கூண்டு சிறிது நேரத் தூக்கத்துக்குச் சரி, பகல் முழுவதுக்கும் சரியல்ல. தனியாக விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டி இறுக்கிவிடும். மின் கம்பி, காலுறை, சாக்லேட், உலர்ந்த திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. நான்காவது மாதத்திலிருந்து பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். வானொலியைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பார்கள், போகலாம். டெபோரா வெல்ஸ் என்ற ஆய்வாளர் நாய்க் காப்பகம் ஒன்றில் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மேலைச் செவ்வியல் இசை ஒலித்தபோது நாய்கள் குறைவாகக் குரைத்து அதிக நேரம் ஓய்வெடுத்தன. ஆனால் ஆளுக்கு ஈடாக வானொலியை நம்பாதீர்கள், வானொலியிலிருந்தே சொல்கிறேன்.

சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறக்கிறீர்கள். தரையெல்லாம் ஈரம், செருப்பு கிழிந்து கிடக்கிறது. குட்டி காதை மடக்கி, வாலை இடுக்கி, கண்ணை ஓரமாகத் திருப்பிக்கொள்கிறது. "பாருங்க டாக்டர், பண்ணினது தப்புன்னு அதுக்கே தெரியுது" என்கிறார்கள். தெரியாது. அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை, வளர்ப்பவர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களும் அதே முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்ச்சி அல்ல, உங்கள் கோபத்தைக் கண்ட பயம். மூன்று மணி நேரத்துக்கு முன் கழித்த சிறுநீருக்கு இப்போது அடித்தால், குட்டிக்குப் புரிவது ஒன்றுதான்: கதவு திறந்தால் அடி விழும். பகல் முழுக்கத் தனிமைக்குப் பயந்த குட்டி இனி உங்கள் வருகைக்கும் பயப்படும். அடிக்க வேண்டாம், மூக்கை அதில் தேய்க்க வேண்டாம். முதலில் குட்டியை வெளியே கொண்டுபோங்கள். பிறகு சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதிகள் (என்சைம்) உள்ள சுத்திகரிப்பான் போட்டுத் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அதன் வாடை சிறுநீர் வாடை போலிருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப வரவழைக்கும்.

வேலையை விட முடியாது, எனக்குப் புரிகிறது. அதனால் பகலை வெட்டுங்கள். முதல் இரண்டு வாரமாவது இருவரும் மாறி மாறி விடுப்பு எடுங்கள். அதன் பிறகு பகலில் இடையிடையே ஒருவர் வந்தாக வேண்டும். வீட்டுப் பெரியவரோ, பகலில் வீட்டில் இருக்கும் அண்டை வீட்டுக்காரரோ, கூலி கொடுத்து அமர்த்திய ஆளோ, யாராக இருந்தாலும் சரி. சும்மா கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகாமல், வெளியே விட்டு, உணவு கொடுத்து, அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து அதோடு விளையாட வேண்டும். மூன்று மாதம் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் வேண்டும் என்பேன். ஆறு மாதத்தை நெருங்கும்போது நான்கு மணி நேரம் தாங்கும். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்றால் வேண்டாம், தனியாகத் தவித்த இடத்தில் இரண்டு தவிக்கும்.

இவ்வளவுக்கும் வழியில்லாத வீடுகள் உண்டு. அவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வது: இப்போது குட்டி வேண்டாம். காப்பகங்களில் இரண்டு வயது, மூன்று வயது நாய்கள் நல்ல வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றில் தனியாக இருந்து பழகியது எது என்று அங்கே பார்த்துக்கொள்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இல்லை, குட்டிதான் வேண்டும் என்றால், வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக, அந்த நேரத்தில் கதவைத் திறக்கப் போகிறவர் பெயரை எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எழுதுங்கள், அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு எழுதுங்கள். கட்டங்கள் நிரம்பிய பிறகு குட்டியைப் பார்க்கப் போங்கள்.

நன்றி. வணக்கம்.