ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற ரிப்போர்ட்

வணக்கம்ங்க. நான் பேத்தாலஜி டாக்டர். பேஷன்ட்ங்க எங்கள நேர்ல பாக்குறது அபூர்வம். தியேட்டர்ல இருந்து டப்பாவுல சதை வரும், அத வெட்டிப் பாத்து, மெழுகுல பதிச்சு, தலைமுடிய விட மெலிசா சீவி, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல பாத்து ரிப்போர்ட் எழுதறவங்க நாங்க. இத்தன வருஷமா எனக்கு இருக்கற ஒரு ஆதங்கம் என்னன்னா, நுரையீரல் கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்போது, வீட்ல இருக்கவங்க மேல 'கேன்சர்'னு போட்டிருக்கறத மட்டும் படிச்சிட்டு மடிச்சு ஃபைல்ல சொருகிடறாங்க. அது முன்னாடியே தெரிஞ்சதுதானே, அதுக்குத்தானே ஆபரேஷனே பண்ணாங்க. தெரிய வேண்டியதெல்லாம் அதுக்குக் கீழ இருக்குங்க.

ஒரு கதை சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1933 ஏப்ரல் மாசம், அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ். எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன். அவர்கிட்ட ஜேம்ஸ் கில்மோர்னு 48 வயசுல ஒரு பிரசவ டாக்டர் வந்தாரு, பிட்ஸ்பர்க்காரர். இடது நுரையீரல்ல கேன்சர், ஸ்குவாமஸ்னு ஒரு வகை, காத்துக்குழாய் உள்சுவர்ல வர்றது. உள்ள ட்யூப் விட்டு கிள்ளி எடுத்துப் பாத்ததுலயே தெரிஞ்சிடுச்சு. நுரையீரலோட ஒரு பகுதிய, அதாவது ஒரு மடல மட்டும் எடுக்கறதா பிளான், ஆனா நெஞ்ச திறந்து பாத்தா கட்டி அந்த ஒரு மடலோட நிக்கல, சரின்னு இடது நுரையீரல் மொத்தத்தையும் ஒரே தடவைல எடுத்துட்டாரு. கேன்சருக்காக ஒரு பக்க நுரையீரல முழுசா எடுத்து ஆளும் பிழைச்சது அதுதான் முதல் தடவைன்னு சொல்லுவாங்க. கில்மோர் அதுக்கப்புறம் 30 வருஷம் இருந்தாருங்க, 1963 வரைக்கும்! ஆபரேஷன் பண்ண கிரஹாம், சிகரெட்டுக்கும் நுரையீரல் கேன்சருக்கும் உள்ள தொடர்ப வைண்டர்ங்கற தன்னோட மாணவரோட சேந்து 1950-ல எழுதினவர், அவரும் வருஷக்கணக்கா சிகரெட் பிடிச்சவர்தான், 1957-ல அவரே நுரையீரல் கேன்சர்ல இறந்துட்டாரு. பேஷன்ட் டாக்டர விட ஆறு வருஷம் கூட இருந்தாரு.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, அதே பேர்ல வந்த நோய் ஒருத்தர விட்டுடுச்சு, இன்னொருத்தர கொண்டுபோயிடுச்சு. 'நுரையீரல் கேன்சர்'ங்கறது ஒரே பேரு, ஆனா ஒரே நோய் இல்ல. ஸ்மால் செல்னு ஒரு வகை, கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும், அத ஆபரேஷனுக்கு எடுக்கறதே கம்மி. மெதுவா வளர்ற கார்சினாய்டு இன்னொரு எல்லை. நடுவுல ஸ்குவாமஸ், அப்புறம் சளி சுரக்கற மாதிரி செல்லுங்கள்ல வர்ற அடினோகார்சினோமா, சுருக்கமா அடினோ. அடினோவுக்குள்ளயே பாருங்க, ரெண்டு பேருக்கு 2 சென்டிமீட்டர் கட்டி, ஒரே இடம், ஒரே ஆபரேஷன், ஒரே சர்ஜன்னு வச்சுக்கோங்க. ஒருத்தருக்கு செல்லுங்க காத்தறைச் சுவர்ல பாசி படர்ந்த மாதிரி மேலாப்புல மட்டும் படர்ந்திருக்கும், அதுக்கு லெபிடிக்னு பேரு. 3 சென்டிமீட்டருக்குள்ள முழுக்க இப்படியே இருந்து, உள்ள ஊடுருவாம, முழுசா எடுத்தாச்சுன்னா கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு பேருக்கு அது திரும்ப வர்றதில்ல. இன்னொருத்தருக்கு அதே செல்லுங்க சின்னச் சின்ன கொத்தா பிடிமானம் இல்லாம மிதந்துட்டு இருக்கும், மைக்ரோபாப்பிலரி. இல்லன்னா இடைவெளியே இல்லாம கெட்டியா அடைச்சிருக்கும், சாலிட். பெரும்பாலான கட்டிகள்ல இதெல்லாம் கலந்துதான் இருக்கும், எது எத்தன சதவீதம்னு நாங்க உக்காந்து கணக்கு போடுவோம். மைக்ரோபாப்பிலரி, சாலிட் மாதிரி மோசமான வகைங்க 20 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா கிரேடு 3, இருக்கறதுலயே மோசமான கிரேடு. கட்டிய விட்டு வெளிய இருக்கற காத்தறைங்கள்ல கடுகு சிந்தின மாதிரி செல்லுங்க கிடந்தா அதையும் எழுதுவோம், கட்டிய சுத்தி கொஞ்சமா எடுத்த ஆபரேஷன்னா இது ரொம்ப முக்கியம், திரும்ப அங்கயே முளைக்கற வாய்ப்பு கூடுது. நுரையீரல போத்தியிருக்கற ப்ளூரா உறைக்குள்ள புகுந்திருந்தா, 2 சென்டிமீட்டர் கட்டின்னாலும் கட்டிக்கு போடற டி-1 படிய டி-2ன்னு ஏத்திடுவோம்.

அடுத்தது நெறிக்கட்டி. ஸ்டேஜ முக்கியமா முடிவு பண்றது இதுதான். நோய் எவ்வளவு பரவியிருக்குன்னு படி பிரிக்கறதுதான் ஸ்டேஜிங், அதோட முந்தின பதிப்பான 8-ஆவது பதிப்பு கணக்குல, ஆபரேஷன் பண்ணவங்கள்ல 1ஏ1ங்கற ரொம்ப ஆரம்ப ஸ்டேஜ்ல இருக்கவங்க 5 வருஷம் கழிச்சு 90 சதவீதம் பேர் உயிரோட இருக்காங்க, முத்தின 3ஏ-ல 41 சதவீதம். கட்டி சின்னதா இருந்தும், நடு நெஞ்சுல இருக்கற நெறிக்கட்டில கேன்சர் இருந்ததாலயே அந்தக் கணக்குல 3ஏ-க்கு போனவங்க உண்டு. விறகடுப்புப் புகையிலயும் ஊர்த் தூசியிலயும் இருந்தவங்களுக்கு நெறிக்கட்டி எல்லாம் கரிக்கட்டை மாதிரி கருப்பா இருக்கும், நம்ம ஊர்ல பழைய டிபி இருந்தா வீங்கி கெட்டியா இருக்கும், கைல தொட்டுப் பாத்து எதுவும் சொல்ல முடியாது, வெட்டி ஸ்லைடு போட்டாத்தான் தெரியும். அதனால ரிப்போர்ட்ல எத்தன நெறிக்கட்டி பாத்தாங்க, எத்தனைல இருந்துச்சுன்னு பாருங்க. 'நெறிக்கட்டில இல்ல'ன்னு எழுதியிருக்கறது ரெண்டே ரெண்டு பாத்துட்டா, இல்ல எல்லா இடத்துல இருந்தும் எடுத்துப் பாத்துட்டாங்கறது பெரிய வித்தியாசம்.

இன்னொன்னு, ஒருதடவை ஒரு பிளாஸ்டிக் கவர்ல ரப்பர் பேண்ட் போட்டு ஒரு அம்மாவோட நுரையீரல் மடல் வந்துச்சு. சதை அழுகாம காப்பாத்தற ஃபார்மலின் இல்ல, வெறும் சலைன் தண்ணி. ராத்திரி முழுக்க பஸ்ல வந்திருக்கு. திறந்த உடனே வாடை, சதை கொழகொழன்னு ஆயிடுச்சு, ஸ்லைடுல செல்லு எல்லாம் நிழல் மாதிரி. அந்தம்மாவோட பையன் கவுன்டர்ல நின்னுக்கிட்டு 'டாக்டர், திரும்ப எடுத்து அனுப்பட்டுமா'ன்னு கேட்டான். எதத் திரும்ப எடுக்கறது? அந்த மடல் ஒண்ணுதானே. சதைய எடுத்த உடனே, அதோட அளவ மாதிரி பத்து மடங்கு ஃபார்மலின்ல போடணும். பெரிய பாத்திரம், அகல வாய். உங்க கைல டப்பா கொடுத்து லேபுக்கு அனுப்பினா, உள்ள இருக்கறது ஃபார்மலின்தானான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, திரும்பவும் சொல்றேன், கேட்டுடுங்க.

நேரம் கம்மியா இருக்குன்னு சைகை காட்டறாங்க, மரபணு டெஸ்ட வேகமா சொல்லிடறேன். அடினோன்னா, கேன்சர் செல்லுல ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கேங்கற மரபணுக்கள்ல மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க, சிகரெட்டே தொடாத பெண்கள்ல ஈஜிஎஃப்ஆர் மாற்றம் நிறையவே இருக்கு. அது இருந்து 1பி-ல இருந்து 3ஏ வரைக்கும் ஸ்டேஜ்ல ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஆசிமெர்டினிப் மாத்திரை 3 வருஷம் கொடுத்துப் பாத்த ஆய்வுல, 5 வருஷத்துல 88 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, மாத்திரை இல்லாதவங்கள்ல 78. டெஸ்ட் அன்னைக்குப் பண்ணலன்னாலும், லேப்ல இருக்கற மெழுகு பிளாக்ல இருந்தே பின்னால பண்ணலாம், பிளாக் நம்பர் ரிப்போர்ட்லயே இருக்கும், எழுதிக் கொடுத்து வாங்கிக்கலாம். வாங்கிட்டு வர்ற வழில வெயில்ல நிக்கற காருக்குள்ள மட்டும் வச்சிட்டுப் போயிடாதீங்க, மெழுகு இளகிடும். வரேங்க, வணக்கம்.