ஏழெழுபது தரமும் ஒரு வழிப்பாதை வழக்கும்

(தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்; அசனம் என்பது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து.)

மேடையில் வீற்றிருக்கும் சேகரகுரு ஐயா அவர்களே, சேகரச் செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே, எனக்கு முன்னால் இனிமையாகப் பாடிய பாடகர் குழுவினரே, அசனத்துக்குக் காய் நறுக்கிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், தலைப்பே அதுதானே. எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்ட பேதுருவுக்கு, ‘ஏழெழுபது தரம்’ என்று இயேசு சொன்னாரே.

மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன். துரோகம் ஏன் இவ்வளவு வலிக்கிறது, இயேசு அதற்கு என்ன செய்தார், மன்னிப்புக்கும் மனந்திரும்புதலுக்கும் என்ன சம்பந்தம்.

முதலாவது, 41ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது. ‘என் அப்பம் புசித்தவன் என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான்.’ அந்நியன் ஏசினால் துடைத்துப் போட்டுவிடலாம். நம் பந்தியில் உட்கார்ந்தவன் செய்தால் தூக்கம் போய்விடும். ஆனாலும் குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. இதை நான் ஏறாத மேடையிலும் சொல்லுவேன் என்று கேலி செய்வார்கள். சொல்லட்டும்.

இரண்டாவது. இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடன் பேதுருவிடம் ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்றார்.

அது ஆண்டவர், நம்மால் முடியுமா என்பீர்கள். சரி, ஹாலந்துக்கு வாருங்கள். ஹார்லெம் நகரத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த குடும்பம். அப்பா காஸ்பர் டென் பூமுக்கு வயது 84. மகள்கள் பெட்ஸி, கோரி. நாஜிகளுக்குத் தெரியாமல் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1944 பிப்ரவரி 28. கோரி காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஒருவன் வந்து, ‘யூதர்களுக்கு உதவியதால் என் மனைவியைப் பிடித்துவிட்டார்கள். 600 கில்டர் லஞ்சம் கொடுத்தால் விடுவார்கள்’ என்று அழுகிறான். பணத்துக்கு ஏற்பாடு செய்கிறார் கோரி. அன்றைக்கே போலீஸ் வந்து குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போனது! பணம் கேட்டு வந்தவன் ஆள்காட்டி. ஆனால் கோரியின் படுக்கையறையில் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆறு பேர் மட்டும் அகப்படவேயில்லை.

பெரியவரிடம் அதிகாரி சொன்னானாம், ‘இனி ஒழுங்காக இருப்பதானால் வீட்டுக்குப் போகலாம்’ என்று. ‘போனால் நாளைக்கே என் கதவைத் தட்டுகிறவனுக்குத் திறப்பேன்’ என்றார் அவர். பத்தாம் நாள் காவலில் இறந்தார். டிசம்பரில் ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் பெட்ஸியும் இறந்துபோனார்.

அதற்கு முன்னால், காட்டிக்கொடுத்தவன் பெயர் யான் ஃபோகெல் என்று ஹாலந்து முகாமிலேயே தெரிந்தபோது, கோரிக்கு அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. பெட்ஸியோ அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். அவன் மனசு என்ன பாடுபடுமோ என்று! போர் முடிந்தபின் கோரி அவனுக்குக் கடிதம் எழுதினார். மன்னித்துவிட்டேன், நீ இயேசுவிடம் வா என்று. நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தது. கடிதம் தண்டனையை நிறுத்தவில்லை, அதையும் கவனியுங்கள். அடித்தவன், பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவன் என்றால் போலீஸுக்குத்தான் போக வேண்டும். மன்னிப்பு என்ற பெயரில் அதை மூடி மறைக்கிற வேலை சபைக்கு வேண்டாம்.

ஆனால் நம்மூர் வழக்குகள் அப்படியா? மூன்றடி வழிப்பாதை. ஒரு கிணறு. அப்பா எழுதிவைத்த பத்திரத்தில் அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று தம்பி வாய்தா வாய்தாவாக அலைகிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலால் கோயிலுக்குள் வருகிறார்கள். நற்கருணைக்கு மட்டும் ஒரே வரிசை! ‘ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?’ என்று, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்ட கொரிந்து சபையாரிடம் பவுல் அப்போஸ்தலர் கேட்டது இவர்களைத்தான். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை, வக்கீல் பீஸுக்கும் முடிவில்லை.

அதனால்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்: பிரிந்தவர்களைப் பேசிச் சேர்த்துவைக்கச் சேகரத்துக்கு ஒரு ஒப்புரவுக் குழு வேண்டும். கட்டடக் கமிட்டி இருக்கிறது, அசனக் கமிட்டி இருக்கிறது, இதற்கு மட்டும் கமிட்டி இல்லை. ஐந்து பேர் போதும். இரண்டு பெண்கள் கட்டாயம். கமிட்டியில் இருப்பவர் மேல் சொத்து வழக்கு இருக்கக் கூடாது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஐயா மணியைப் பார்க்கிறார்கள். மூன்றாவது காரியத்துக்கு நேரமில்லை. குழு வேண்டும் என்கிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு அசனப் பந்தலில், தண்ணீர் டிரம் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவைக் கட்டித்தான் வைத்திருக்கிறோம். சாப்பிட உட்காரும் முன்னாலேயே போட்டுவிடுங்கள், கை கழுவியபின் யாருக்கும் ஞாபகம் இருக்காது.