கலரை கடைசியா பாருங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பின்னல் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, ஆனா எனக்கு டிசைன் சொல்லித் தர்றத விட பின்னாமலே வீட்ல குவிஞ்சு கிடக்குற நூலப் பத்தி பேசத்தான் ஆசை. ஸ்வெட்டர் பின்றவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க, கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி, பீரோ மேல ரெண்டு மூட்டை, பழைய சூட்கேஸ்ல கொஞ்சம், தலையணை உறைக்குள்ள கூட நூல் இருக்கும். நூல் வாங்குறது ஒரு ஆசை, பின்றது வேற ஆசை, ரெண்டும் ஒண்ணுதான்னு வீட்ல இருக்கவங்கள நம்ப வச்சிருக்கோம்!

எங்க பின்னல் குழுவுக்கு இந்த மாதிரி நூல் மூட்டை மூட்டையா வரும். பாதி, யாராவது ஒரு அம்மாவோ பாட்டியோ வாழ்நாள் பூரா ஆசையா சேர்த்தது, அவங்க போனப்புறம் பிள்ளைங்களுக்கு தூக்கிப் போடவும் மனசு வராம வச்சுக்கவும் இடமில்லாம கொண்டு வந்து இறக்கிட்டுப் போவாங்க. நாங்க அத தரம் பிரிச்சு, ஆஸ்பத்திரிக்கும் இல்லங்களுக்கும் இலவசமா பின்னித் தர்றவங்களுக்கு குடுக்குறோம்.

புதுசா உதவிக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கையை வைக்கிறது கலர்லதான். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பார்க்க அம்சமா இருக்கும், ஃபோட்டோ எடுக்கலாம், வேற பிரயோஜனம் இல்லங்க. அந்த சிவப்பு குவியல்ல ஒண்ணு சுத்தமான கம்பளி, வெந்நீர்ல மெஷின்ல போட்டா சுருங்கி கெட்டியாயிடும், ஒண்ணு அக்ரிலிக், அதாவது செயற்கை நூல், எத்தன தடவ துவைச்சாலும் ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு காட்டன். மூணும் மூணு பேருக்குப் போக வேண்டியது. அதனால முதல்ல என்ன நூல், அடுத்து என்ன தடிமன், அப்புறம் எவ்வளவு இருக்கு. கலர் கடைசி.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு வேல இருக்கு, பூச்சி பார்க்கணும். வந்த மூட்டைய நேரா நம்ம நூல் பக்கத்துல கொண்டு போய் வச்சிடாதீங்க. பறக்குற அந்துப்பூச்சி நூல தின்னாது, அதோட புழுதான் தின்னும், அதுவும் கம்பளி, மொஹேர்ங்கிற அங்கோரா ஆட்டு முடி மாதிரி மிருகங்கள்ட்ட இருந்து வர்ற நாரத்தான் தேடிப் போகும், வெளிச்சம் படாத மடிப்பா பார்த்து உட்காரும். உருண்டைய வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க, வெள்ளையா சின்ன பட்டுக்குழாய் மாதிரி ஒட்டிட்டு இருக்கா, மணல் மாதிரி துகள் கொட்டுதா? அந்தத் துகள் அதோட எச்சம், நீல நூல தின்ன புழுவோட எச்சம் நீலமாவே இருக்கும், அதனால சட்டுனு கண்ணுக்கே தெரியாது. நூல் முனைய பிடிச்சு மெதுவா இழுங்க, ரெண்டு சாண் வந்து பொசுக்குனு அறுந்து, திரும்ப ரெண்டு சாண் வந்து அறுந்தா, சந்தேகமே வேண்டாம்.

சந்தேகப்பட்ட மூட்டைய காத்துப் போகாத பிளாஸ்டிக் பைல கட்டி ஃப்ரீசர்ல, மைனஸ் 18 டிகிரில, 2 வாரம் வச்சிடுங்க. வெளிய எடுத்ததும் பைய பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே வச்சு குளிர் போனப்புறம் பிரிங்க, இல்லன்னா நூல் மேல தண்ணி கோத்துக்கும். சில பேர் அந்துருண்டைய அள்ளிப் போட்டு அனுப்பிடுறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். நாத்தத்துக்காக மட்டும் சொல்லல, அதுல இருக்குற நாஃப்தலின், ஜி6பிடி குறைபாடுன்னு பிறவிலயே ரத்தத்துல ஒரு நொதி கம்மியா இருக்குற பச்சக்குழந்தைங்களோட ரத்த சிவப்பணுவ உடைச்சிடும், மஞ்சக்காமாலை வரைக்கும் கொண்டு போயிடும். அந்த வாடை அடிக்கிற நூல குழந்தை பக்கமே நாங்க விடுறதில்ல.

சரி, லேபிள் இருந்தா வேல சுலபம், ஆனா பாதி உருண்டைக்கு லேபிள் இருக்காது. அதுக்கு எரிச்சுப் பார்க்குறதுதான் வழி. பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல நின்னுக்கோங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க, விரல் நீளத்துக்கு ஒரு துண்ட இடுக்கில பிடிச்சு நெருப்பு காட்டுங்க. கம்பளின்னா தயங்கித் தயங்கி எரியும், நெருப்ப எடுத்தா தானா அணைஞ்சிடும், முடி கருகுற வாடை, மிச்சம் இருக்குற கரிய விரல்ல தேய்ச்சா பொடியாயிடும். காட்டன் பேப்பர் மாதிரி வாடையோட சுறுசுறுன்னு எரிஞ்சு லேசான சாம்பலாகும். அக்ரிலிக் உருகும், ஆறினப்புறம் கறுப்பா கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும், நசுக்கினாலும் உடையாது. ரெண்டு வகை கலந்த நூல்ல ரெண்டு குணமும் தெரியும், அது ஒரு தனி தலைவலி.

தடிமனுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு இஞ்ச் இடத்துல நூல இறுக்காம பக்கத்துல பக்கத்துல சுத்தி எண்ணுங்க, சுத்து கூட வந்தா மெல்லிசு, குறைஞ்சா தடிமன். லேபிள்ல 0-ல இருந்து 7 வரைக்கும் ஒரு நம்பர் சின்ன நூல்கண்டு படத்துக்குள்ள போட்டிருப்பாங்க, 0 ரொம்ப மெல்லிசு, 7 மொத்தமோ மொத்தம். அப்புறம் சமையல் தராசு. 100 கிராம் 220 மீட்டர்னு லேபிள் சொல்லுது, கைல இருக்குறது 35 கிராம்னா 77 மீட்டர் இருக்கு, குறைமாசக் குழந்தைக்கு ஒரு தொப்பிக்கு தாராளம். அத ஒரு சீட்டுல எழுதி உருண்டைக்குள்ள சொருகிட்டோம்னா வாங்கிட்டுப் போறவங்க அன்னைக்கே ஊசிய எடுத்துடுவாங்க. எழுதலைன்னா அது அவங்க வீட்டு கட்டிலுக்கு அடியில போய் உட்காரும், வேறென்ன.

இப்ப யாருக்கு எது? பிறந்த குழந்தைக்கு மெஷின்ல துவைக்கிற மாதிரி வழவழன்னு இருக்கணும், பிசிறு நிறைய இருக்குற மொஹேர் கூடவே கூடாது, வாய்க்குள்ள போகும். கீமோ எடுக்குறவங்களுக்கு தொப்பின்னா தலைத்தோல் ரொம்ப நோகும், அதனால நூல கழுத்துல வச்சு கொஞ்ச நேரம் இருங்க, உங்களுக்கு குறுகுறுன்னா அவங்களுக்கு குத்தும். ராத்திரி வெட்டவெளில படுக்குறவங்களுக்கு நல்ல தடி கம்பளி, அழுக்கு தெரியாத கலர், நனைஞ்சாலும் ஓரளவு சூடு நிக்கும், நெருப்பு பக்கத்துல குளிர் காயும்போதும் அக்ரிலிக் மாதிரி உருகி உடம்புல ஒட்டாது.

பின்றதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், இத நான் எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது. ஆஸ்திரேலியாவுல ஃபிலிப் தீவுல கடல்ல கொட்டின எண்ணெய் பட்ட, லிட்டில் பென்குயின்ங்கிற சின்ன இன பென்குயின்களுக்கு ஸ்வெட்டர் போடுவாங்க, குளிப்பாட்டுற வரைக்கும் அதுங்க அலகால கோதி எண்ணெய முழுங்காம இருக்குறதுக்கு. அவங்க கேட்டது சுத்தமான கம்பளி. உலகம் பூரா இருந்து வந்து குவிஞ்சதுல தேவைக்கு மேல போயிடுச்சு, மிச்சத்த பொம்ம பென்குயினுக்கு மாட்டி வித்து பணமாக்கினாங்க. அவங்களுக்கு ஒரு வழி இருந்துச்சு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் இருக்காது.

மூட்டைக்குள்ள பாதில நின்னுபோன பின்னலும் வரும், ஊசி அப்படியே சொருகி, முதுகுப்பக்கம் மட்டும் முடிஞ்ச ஸ்வெட்டர். அத உடனே பிரிக்க மாட்டோம், யாராவது முடிச்சுத் தர்றேன்னு கேக்குறாங்களான்னு பார்ப்போம், கேக்குறவங்க நிஜமாவே இருக்காங்க. யாரும் கேக்கலைன்னா பிரிச்சு சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தி, தண்ணில நனைச்சுத் தொங்க விட்டா சுருள் போயி நூல் நேராயிடும்.

இன்னொண்ணு, தரம் பிரிக்க உட்கார்றவங்க நல்ல நூல கமுக்கமா தன் பைல போட்டுக்கிட்டு, குத்துறதும் சிக்கு விழுந்ததும் தானத்துக்குன்னு தள்ளுறது நடக்கும். எங்க குழுவுல வெளிய இருந்து வர்றவங்க எடுத்து முடிச்சப்புறம்தான் நாங்க கை வைக்கிறது. அப்பவும் கண்ணக் கூசுற பச்சை, முரட்டு அக்ரிலிக், துண்டு துக்காணின்னு ஒரு குவியல் மிஞ்சும். அத எல்லாம் ரெண்டு ரெண்டு இழையா சேர்த்து தடி ஊசில போட்டு நாய், பூனை காப்பகங்களுக்கு விரிப்பா பின்னிடலாம், ஒரு சாணுக்கும் கம்மியான துண்டுங்கள மட்டும் விட்டுடுங்க, பூனை முழுங்கிட்டா குடல்ல சிக்கிடும். அடுத்த மூட்டை வரும்போது ஃப்ரீசர்ல இடம் ஒதுக்கி வைங்க. வணக்கம்.