பெல்லட் அடுப்பு வாங்கும் முன் சாம்பலை நிறுத்துப் பாருங்கள்

[திரையில்: உள்ளங்கையில் ஒரு கறுப்புக் கட்டி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

வணக்கம். இந்தக் கட்டியை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி போல மினுங்குகிறது. மறுபக்கம் பொத்தல் பொத்தலாக இருக்கிறது. விரலால் சுண்டினால் ஓட்டுச் சில்லைச் சுண்டியது போலச் சத்தம் வருகிறது. கொல்லுப்பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்கள் இரும்புக் கிட்டம் என்று சொல்லக்கூடும். உண்மையில் இது சாம்பல்தான். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் என் அத்தான் நடத்தும் பலகாரக் கொட்டகையில், பெல்லட் அடுப்பின் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளியை வைத்து நெம்பித்தான் எடுத்தோம்.

அத்தான் இருபது வருடம் உடைமர விறகில் காராச்சேவும் மிக்சரும் போட்டவர். புகை தாங்காமல் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறினார். சிலிண்டர் செலவு கையைக் கடித்ததும் பெல்லட் அடுப்பு வாங்கினார். அந்த அடுப்பு மூன்றாவது வாரமே மூச்சுத் திணறியது. ஏன் திணறியது, வாங்கும்போது நாங்கள் எதைக் கேட்கத் தவறினோம், இப்போது எப்படிப் பராமரிக்கிறோம் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: கைநிறைய பெல்லட். பழுப்பு நிறம், சுண்டுவிரலைவிட மெலிந்த உருளைகள்.]

முதலில் பெல்லட். கோழித்தீவனக் குருணையைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே மாதிரி இயந்திரத்தில் மரத்தூளைக் கொட்டி, துளையிட்ட இரும்பு அச்சின் வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனத்தில் குச்சி குச்சியாக வெளியே வருகிறது. பொதுவாகப் பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. மரத்துக்குள்ளேயே லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில் அது இளகி, ஆறும்போது இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. மேலே தெரியும் அந்த மினுமினுப்பும் அதனால் வந்ததுதான்.

அடுப்பு வேலை செய்யும் விதம் விறகடுப்பிலிருந்து வேறுபட்டது. நடுவில் ஓர் எரிகுடுவை, அதன் அடியில் துளைத்தட்டு, பக்கத்தில் ஒரு சிறிய ப்ளோயர். ப்ளோயர் ஊதும் காற்று இரண்டு வழியாகப் பிரிகிறது. கீழே போகும் காற்று பெல்லட்டை வாட்டி, அதிலிருந்து எரிவாயுவைக் கிளப்புகிறது. குடுவையின் மேல் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் வழியாக வரும் காற்று அந்த வாயுவை எரிக்கிறது. விறகடுப்பில் புகையாகக் கண்ணைக் கரிக்கும் அதே வாயு, இங்கே சட்டிக்கு அடியில் தீயாகிவிடுகிறது. ஆகவே இந்த அடுப்பின் உயிர் காற்று. காற்று போகும் வழி அடைபட்டால் மறுபடியும் புகைதான்.

எங்கள் அடுப்பில் அடைத்தது இந்தக் கட்டி.

[திரையில்: கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பெல்லட் இரண்டு போடப்படுகின்றன.]

விற்றவர் மரத்தூள் பெல்லட் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். சந்தேகம் வந்த பிறகு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். நல்ல பெல்லட் தண்ணீரில் விழுந்ததும் மூழ்கும். சில நிமிடங்களில் வாய்விட்டு உப்பி, ஈர மரத்தூளாக உதிர்ந்துவிடும். எங்களுடையதும் உதிர்ந்தது. ஆனால் டம்ளரின் மேலே மிதந்ததைப் பாருங்கள். தங்க நிறத்தில், படகு போல வளைந்த சின்னச் சின்னச் செதில்கள். நெல் அவித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். உமி. டம்ளரின் அடியில் வேறு ஒரு சிட்டிகை மணல்.

உமி எரியாதா என்று கேட்பீர்கள். நன்றாக எரியும். அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற கொதிகலனுக்கே உமிதான் தீனி. சிக்கல் மிச்சத்தில் இருக்கிறது. சுத்தமான மரத்தூள் 100 கிலோ எரிந்தால் சாம்பல் சுமார் 1 கிலோ. கடலைத் தோட்டில் 3 முதல் 6 கிலோ வரை வரலாம். உமியில் 15 முதல் 20 கிலோ. அந்த உமிச் சாம்பலில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம், சிலிக்கா. அதாவது மணலின் சரக்கு. நம் தாத்தாமார்கள் உமிக்கரியால் பல் துலக்கியது பளிச்சென்று இருந்ததற்கும் அந்த நறநறப்புதான் காரணம். வெறும் சிலிக்கா சுலபத்தில் உருகாது. பொட்டாசியம் போன்ற காரங்கள் கூடவே இருந்தால் குறைந்த சூட்டிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி செய்கிறவர்கள் மணலோடு காரம் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆக, அத்தான் மூன்று வாரமாக மிக்சரோடு சேர்த்துக் கண்ணாடியும் காய்ச்சியிருக்கிறார்.

[திரையில்: பலகாரம் நிறுக்கும் மின்னணுத் தராசு. அதன் மேல் தகரத் தட்டு.]

இனி முக்கியமான சோதனை. கடையில் தராசு இருக்கிறதல்லவா, அதுவே போதும். தகரத் தட்டை முதலில் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பெல்லட்டை அதில் வைத்து, திறந்த வெளியில் முழுவதும் எரிய விடுங்கள். அவசரம் கூடாது. கறுப்பாக இருக்கும்வரை அது கரி. கிளறிக் கிளறி விட்டு, வெள்ளை அல்லது சாம்பல் நிறம் வந்து ஆறிய பிறகு நிறுக்க வேண்டும். 1 கிராம், 2 கிராம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 5 வந்தால் விலையைப் பேசுங்கள், தினமும் தட்டைச் சுத்தம் செய்யத் தயாராகுங்கள். எங்கள் மூட்டையில் வந்தது 11.

இந்த இடத்தில் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் இருக்கும் என் சித்தி மகன், வீட்டைச் சூடாக்க இதே பெல்லட்டைத்தான் எரிக்கிறான். அங்கே அது வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு போட்டு நிற்கிற அடுப்பு. மேலே தொட்டி, அதிலிருந்து திருகுதண்டு பெல்லட்டைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளுகிறது. ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியேற்றுகிறது, இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதுகிறது. ஐரோப்பாவில் என்பிளஸ் ஏ1 என்ற தர முத்திரை உண்டு. அந்த முத்திரை குத்திய பையில் சாம்பல் 0.7 சதவீதத்தையும் ஈரம் 10 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. பையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாங்கள் வாங்கிய சாக்கில் அச்சடித்திருந்தது பழைய மாட்டுத்தீவனத்தின் பெயர். அதனால்தான் தகரத் தட்டும் தராசும்.

சித்தி மகனுக்கு மட்டும் இன்னும் இரண்டு விஷயம். கதவின் ஓரத்தில் இருக்கும் கயிறு போன்ற அடைப்பு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பார். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூட அந்த அடுப்பை எரிய விட்டுவிட்டுத் தூங்காதே.

[திரையில்: கொட்டகை. இரண்டு அடுப்புகள், ஒன்று பெல்லட், ஒன்று கேஸ்.]

சரி, அடுப்பு வாங்கலாமா? கணக்குப் போடுவோம். எல்பிஜி ஒரு கிலோவில் சுமார் 11,000 கிலோகலோரி சூடு இருக்கிறது. நல்ல பெல்லட்டில் 4,000. வெறும் சூட்டைப் பார்த்தால் 19 கிலோ சிலிண்டருக்கு 52 கிலோ பெல்லட் சமம். ஆனால் கேஸ் அடுப்பு சூட்டைச் சட்டிக்குக் கடத்துவதில் கெட்டிக்காரன். பெல்லட் அடுப்பு அவ்வளவு இல்லை. அதையும் சேர்த்தால் 75 முதல் 80 கிலோ ஆகும். ஆகவே உங்கள் ஊரில் இன்றைக்கு வணிக சிலிண்டர் என்ன விலையோ, அதை 80-ஆல் வகுங்கள். வருகிற தொகையைவிட ஒரு கிலோ பெல்லட், வண்டிக்கூலியோடு சேர்த்து, நன்றாகக் குறைவாக இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக இந்தச் சாம்பல் வேலையைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு? என் அபிப்பிராயம், வேண்டாம். ஒரு காபி போட இதைப் பற்ற வைத்து, காபி இறக்கிய பிறகும் அது கனன்றுகொண்டே இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் ஊர்ஜா என்ற வீட்டு பெல்லட் அடுப்பு 2000-களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. அடுப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. பெல்லட் விலை ஏற ஏற, வீடுகள் அதை ஓரங்கட்டிவிட்டன. பெல்லட் ஒருவர் கையில் இருக்கிறது, அடுப்பு நம் கையில் இருக்கிறது என்ற நிலைமை எப்போதும் ஆபத்துதான். இப்போது அனல் மின்நிலையங்களும் நிலக்கரியோடு கலந்து எரிக்கப் பெல்லட் வாங்குகின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். அத்தான் கேஸ் அடுப்பைக் கழற்றாமல் வைத்திருப்பது இதனால்தான்.

மணிக்கணக்கில் ஒரே சீராகத் தீ வேண்டிய இடம் என்றால் கதை வேறு. அல்வாவுக்குக் கோதுமைப் பால் காய்ச்ச, விடுதிக்கு வெந்நீர் போட, பெரிய அண்டாவில் சோறு வடிக்க, பெல்லட் அடுப்பு பிரமாதம். எண்ணெய்ச் சட்டிக்கும் உதவும், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கேஸைப் போலக் குமிழைத் திருப்பியதும் தீ அணையாது. எண்ணெய் மிஞ்சிக் காய்ந்துவிட்டால் சட்டியை மூட இரும்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது உங்கள் சட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் சட்டியில், உங்கள் கண்முன்னே, இரண்டு மணி நேரம் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே பெல்லட் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள்; ஒரு தடவை நிரப்பித் தீரும்வரை எரிக்கும் வகையும் உண்டு, அது பலகாரக் கடைக்கு ஆகாது. ப்ளோயர் மோட்டார் எரிகுடுவைக்கு ஒட்டினாற்போல இருந்தால் சூட்டில் சீக்கிரம் போய்விடும். அது போனால் மாற்று மோட்டார் திருநெல்வேலியிலேயே கிடைக்குமா, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா? அத்தான் இதைக் கேட்கவில்லை. ஒன்பது நாள் காத்திருந்தார். சிறிய அடுப்புகளுக்கு ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ப்ளோயர் வைத்த அடுப்பு குறைந்தது 35 சதவீத வெப்பத்திறன் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்தச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மின்தடை வந்தால் ப்ளோயர் நின்று, ஐந்தே நிமிடத்தில் கொட்டகை முழுக்கப் புகை. இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். பெரிய மின்சாரம் இழுக்காது.

[திரையில்: காலை. ஆறிய அடுப்பு. அத்தான் துளைத்தட்டைக் கையில் எடுக்கிறார்.]

பராமரிப்பு. காலையில் பற்ற வைக்கும் முன் அடித்தட்டை எடுத்துத் தட்டி, ஒவ்வொரு துளையிலும் சைக்கிள் கம்பியை விட்டு எடுக்கிறார். மேல் விளிம்புத் துளைகளை மறந்துவிடுவார்கள்; அதில் கரி பிடித்தால்தான் சட்டியின் அடி கறுக்கும். சட்டி கறுக்க ஆரம்பித்தால் துளையைப் பாருங்கள், பிறகு ப்ளோயர் இறக்கையைப் பாருங்கள். பலகாரக் கொட்டகையில் கடலைமாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அந்த இறக்கையில் அப்பம் போலப் படியும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும். பெல்லட் தொட்டியின் அடியில் சேரும் தூளை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். சூடாக இருக்கும் குடுவையில் தண்ணீர் தெளிக்கவே கூடாது, விரிசல் விடும்.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் எதற்கு? காய்ந்த பன்னாடை இரண்டு துண்டு போதும். கனல் இருக்கும் குடுவையில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று பிடித்து முகத்தில் அடிக்கும்.

சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். மேலே ஆறியது போலத் தெரியும், உள்ளே நெருப்பு மறுநாள் வரைக்கும் இருக்கும். கொட்டகையில் அடிப்பாகம் உருகி நிற்கும் நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று இன்னும் கிடக்கிறது. எப்படி உருகியது என்று அக்காவிடம் கேளுங்கள், அத்தானிடம் கேட்காதீர்கள். கனல் மிச்சம் இருக்கும் வாளியையோ அடுப்பையோ பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டு யாரும் அங்கே படுக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

[திரையில்: சுவரில் இடுப்புயரத்தில் ஒரு தண்ணீர்க் கறை.]

கடைசியாக, மூட்டைகளை வைக்கும் இடம். சுவரில் தெரியும் இந்தக் கோடு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி வைத்துவிட்டுப் போனது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அத்தான் இருபது மூட்டை வாங்கி அடுக்கியிருந்தார். தண்ணீர் வடிந்து கதவைத் திறக்கப் போனால் கதவு திறக்கவில்லை. பெல்லட் எல்லாம் ஊறி, இரண்டு மூன்று மடங்கு உப்பி, சாக்கைக் கிழித்துக்கொண்டு கதவை உள்ளிருந்து நெட்டிக்கொண்டிருந்தது. புட்டுமாவு போல அள்ளி அள்ளி வெளியே கொட்டினோம்.

வெள்ளம் எப்போதோ வருவது. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்று வருடா வருடம் வருகிறது. சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் அடிமூட்டை நமுத்துவிடும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். தொட்டியில் மிச்சம் இருப்பதை மழைக்காலத்தில் இரவே எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள்.

[திரையில்: மறுபடியும் தராசு. தட்டில் வெள்ளைச் சாம்பல்.]

போன வாரம் புதிதாக ஒரு வியாபாரி மாதிரி கொண்டுவந்தார். தச்சுப்பட்டறைத் தூள் என்றார். அத்தான் பதில் பேசாமல் தகரத் தட்டை எடுத்தார். எரித்து, ஆற வைத்து, நிறுத்தால் 2 கிராம். டம்ளரில் எதுவும் மிதக்கவில்லை.

"எத்தனை மூட்டை இறக்கட்டும், அண்ணாச்சி?" என்று வியாபாரி கேட்டார். "இருபது எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன்."

அத்தான் சுவரில் இருந்த கோட்டை ஒரு தடவை பார்த்தார்.

"நாலு."